சிறு தகடு செய்த பெரும்பணி – பியாட்ரிஸ் ஷில்லிங் அம்மையாரின் வரலாறு

முன்னுரை

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் வாக்கு. இக்கட்டுரையில் நாம் காணப்போகும் பொருளும் மிகச் சிறியதே. பித்தளையால் ஆன ஒரு சிறு துண்டு. அதன் நடுவே ஒரு துளை. சட்டைப் பையில் போட்டால் இருக்குமிடம் தெரியாது. ஆயினும் அத்துளையின் அளவைச் சரியாகக் கணக்கிட்டுச் சொன்னதனால், இரண்டாம் உலகப்போரில் வானில் பறந்த இளைஞர்கள் தங்கள் விமானத்தை நம்பிப் பறக்க முடிந்தது. அந்த அளவைக் கண்டு சொன்னவர் ஒரு பெண்மணி என்பதை அறியும்போது, மாணவியராகிய நம் உள்ளம் பெருமையால் பூரிக்கிறதன்றோ?

மேரி கியூரி அம்மையாரைப் பற்றியும், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றியும் நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். பியாட்ரிஸ் ஷில்லிங் அம்மையாரின் பெயரை நம்முள் பலர் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் ஆங்கில நாட்டில் விமானங்களின் வரலாற்றைப் படிப்போர் அனைவரும் அறிந்த பெயர் அது. ஷில்லிங் என்பது அந்நாட்டின் பழைய நாணயம் ஒன்றின் பெயரும் ஆகும். இதை நினைக்கும்போது விவிலியத்திலே நம் ஆண்டவர் சொன்ன உவமை ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண், தொலைந்தது எங்கே என்று புலம்பிக்கொண்டிராமல், விளக்கை ஏற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை கவனமாகத் தேடினாள். ஷில்லிங் அம்மையாரும் ஒரு பழுதின் காரணத்தை அவ்வாறே விளக்கேற்றித் தேடிக் கண்டவர். அவ்வரலாற்றை இனிக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

பியாட்ரிஸ் ஷில்லிங் 1909-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த வாட்டர்லூவில் என்னும் ஊரில் பிறந்தார். இன்று உலக மகளிர் தினமாக நாம் கொண்டாடும் நாளிலேயே அவர் பிறந்தது ஓர் இனிய ஒற்றுமை. அவருடைய தந்தை இறைச்சிக் கடை நடத்திவந்தார். செல்வச் செருக்கோ, விஞ்ஞானப் பரம்பரையோ அக்குடும்பத்தில் இல்லை.

மற்றச் சிறுமியர் பொம்மைகளுக்குச் சட்டை தைத்து மகிழ்ந்த வயதில், பியாட்ரிஸ் தமக்குக் கிடைத்த சில்லறைக் காசுகளைச் சேர்த்துக் கருவிகள் வாங்கினார். எதைக் கண்டாலும் அதைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் அவருக்கு இயல்பாகவே இருந்தது. பதினான்கு வயதில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதே பெயர் கொண்ட வண்டிகள் இன்று நம் சென்னைக்கு அருகில் செய்யப்படுகின்றன என்பதை நாம் அறிவோம். அவ்வண்டியில் ஏறி ஊர் சுற்றியதோடு பியாட்ரிஸ் நின்றுவிடவில்லை. அதன் என்ஜினைத் தம் கையாலேயே பழுதுபார்க்கக் கற்றார். கையில் எண்ணெய்க் கறை படிவதை அவர் இழிவாக எண்ணவே இல்லை.

தாம் ஒரு பொறியியல் வல்லுநர் ஆகவேண்டும் என்று அச்சிறு வயதிலேயே அவர் முடிவு செய்தார். பெண்களுக்கு அத்துறையின் கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்த காலம் அது.

கல்வியும் பயிற்சியும்

முதல் உலகப்போர் முடிந்தபின், 1919-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் மகளிர் பொறியியல் சங்கம் தோன்றியது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள், போர் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புமாறு பணிக்கப்பட்டனர். அவர்களுக்காகக் குரல் கொடுக்க எழுந்த சங்கம் அது. அச்சங்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்னும் அம்மையாரும் ஒருவர். டெவன் பகுதியில் சிற்றூர்களுக்கு மின்விளக்கு வசதி செய்து தரும் நிறுவனத்தை அவர் நடத்திவந்தார். அவரிடம் பியாட்ரிஸ் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வீடுகளுக்கு மின்கம்பி இழுப்பதும், மின் எந்திரங்களைக் கவனிப்பதும் அவர் கற்ற முதல் பாடங்கள்.

மாணவியின் திறமையைக் கண்ட மார்கரெட் அம்மையார், பல்கலைக்கழகத்திற்குச் சென்று மேலும் படிக்குமாறு தூண்டினார். ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு ஏணியாக நின்ற இந்நிகழ்ச்சி நம் சிந்தனைக்கு உரியது. 1929-இல் பியாட்ரிஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அவ்வகுப்பில் அவரையும் சேர்த்து இரண்டே மாணவியர். 1932-இல் பட்டம் பெற்றார். அடுத்து எந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

பின்னர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக அமர்ந்தார். அங்கே அவர் ஆராய்ந்தது சூப்பர்சார்ஜர் பொருத்திய என்ஜின்களை. என்ஜின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றைவிட மிகுதியான காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவியே சூப்பர்சார்ஜர். என்ஜினின் சுழற்சியாலேயே அது சுழலும். வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் கருவிக்கு டர்போசார்ஜர் என்று பெயர். இரண்டின் நோக்கமும் ஒன்றே. காற்று மிகுந்தால் பெட்ரோலும் அதற்கேற்ப மிகவேண்டும். இவ்விரண்டும் ஒன்றை ஒன்று விட்டு விலகினால் என்ஜின் நோயுறும். இவ்வுண்மையைப் பியாட்ரிஸ் இளமையிலேயே கைப்பழக்கமாக அறிந்துகொண்டது, பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது.

பந்தயச் சாலையில் வீராங்கனை

இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயச் சாலை இருந்தது. அங்கே பந்தயத்தில் மணிக்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு சுற்று ஓட்டி முடிப்பவர்களுக்குத் தங்க நட்சத்திரம் வழங்குவது வழக்கம். 1934-இல் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றி வந்து, பியாட்ரிஸ் அந்த நட்சத்திரத்தைப் பெற்றார். அச்சாலையின் வரலாற்றில் அந்தச் சிறப்பைப் பெற்ற பெண்கள் மூவரே. அவர் ஓட்டிய வண்டியின் என்ஜினைச் சீர்செய்தவரும் அவரே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1936-இல் பார்ன்பரோ என்னும் ஊரிலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. முதலில் தொழில்நுட்பக் குறிப்புகளை எழுதும் பணியே தரப்பட்டது. எழுதுகோலைவிடத் திருப்புளியே அவர் கைக்கு ஏற்றது என்பது விரைவில் மேலதிகாரிகளுக்கு விளங்கியது. எனவே அவர் என்ஜின் பிரிவுக்கு மாற்றப்பட்டார். 1938-இல், அதே நிலையத்தில் பணியாற்றிய ஜார்ஜ் நேய்லர் என்பவரை மணந்தார். அவரும் புரூக்லண்ட்ஸ் தங்க நட்சத்திரம் பெற்றபிறகே திருமணம் என்று பியாட்ரிஸ் கண்டிப்பாகக் கூறிவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், ஜார்ஜ் அந்த நட்சத்திரத்தைப் பெற்றது உண்மை.

வானில் நேர்ந்த துன்பம்

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940-ஆம் ஆண்டு கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஜெர்மானிய விமானங்கள் அலை அலையாக இங்கிலாந்தைத் தாக்கின. அவற்றை எதிர்த்த ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களைச் செலுத்தியவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அவ்விரு விமானங்களுக்கும் உயிர்நாடியாக இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்னும் என்ஜின். பன்னிரண்டு சிலிண்டர்களும், ஏறத்தாழ 1000 குதிரைத் திறனும் கொண்டது அது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலியும். மலையேறுவோர் மூச்சு வாங்குவது போல என்ஜினும் இளைக்கும். ஆகவே மெர்லினுக்குச் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார்கள்.

இவ்வளவு சிறந்த என்ஜினுக்கு ஒரு குறை இருந்தது. எதிரியின் விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்திக் கீழ்நோக்கிப் பாயும். ஆங்கில விமானியும் அவ்வாறே மூக்கைத் தாழ்த்தினால், அந்தக் கணமே மெர்லின் இருமும். தொடர்ந்து பாய்ந்தால் கரும்புகை கக்கி, அடியோடு நின்றுவிடவும் கூடும். ஜெர்மானிய விமானங்களில் பெட்ரோல் பம்பின் அழுத்தத்தால் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சப்பட்டதனால், அவற்றுக்கு இத்துன்பம் இல்லை. துரத்தும்போது எதிரி தப்பிவிடுவான்; துரத்தப்படும்போது தப்ப வழியில்லை. அதனால் ஆங்கில விமானிகள், முதலில் விமானத்தைப் புரட்டித் தலைகீழாக்கி, பிறகு பாயும் உத்தியைக் கையாண்டார்கள். அதற்குச் சில விநாடிகள் வீணாயின. வானத்துப் போரில் சில விநாடிகள் என்பவை ஓர் உயிரின் விலை.

போர் கொடியது என்பதில் நமக்கு ஐயமில்லை. எந்த நாட்டுத் தாய் பெற்ற மகன் மாண்டாலும் அழுகை ஒன்றே. எனினும், தம் எந்திரம் நட்டாற்றில் கைவிடும் என்ற அச்சத்தோடு ஓர் இளைஞன் வானில் ஏறவேண்டியிருப்பது எவ்வளவு பரிதாபமானது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்போது கார்புரேட்டர் ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்றிருந்தவர் நம் ஷில்லிங் அம்மையார்.

இரண்டு இருமல், இரண்டு நோய்

நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதன்பின்னரே மருந்து தரவேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். அம்மையார் செய்ததும் அதுவே. அவர் கண்டதைப் புரிந்துகொள்ள, நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். தொட்டியினுள் ஒரு மிதவை உண்டு. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி வழியைத் திறக்கும்; நிறைந்தால் மேலேறி வழியை அடைக்கும். மெர்லினின் கார்புரேட்டரிலும் அத்தகைய மிதவை அறை இருந்தது. பம்பு பெட்ரோலை அனுப்பும். மிதவை அதை அளவோடு உள்ளே விடும்.

இனி, தண்ணீர் நிறைந்த செம்பு ஒன்றைக் கையில் ஏந்தி, வெடுக்கென்று கீழே இழுப்பதாக எண்ணுவோம். செம்பு இறங்கும், தண்ணீரோ மேலே தங்கித் தளும்பும். விமானம் மூக்கைத் தாழ்த்தும்போது மிதவை அறையில் நேர்ந்ததும் இதுதான். பெட்ரோல் முழுவதும் அறையின் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. கீழேயுள்ள துளைகளுக்குப் பெட்ரோல் எட்டவில்லை. என்ஜின் பட்டினியால் ஒரு கணம் இருமியது. இது முதல் இருமல்.

என்ஜின் நின்றால் எரிபொருள் போதவில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அதற்குப் பின் வரும் கரும்புகை வேறு கதை சொல்லியது. பட்டினி கிடக்கும் என்ஜின் கரும்புகை கக்காது. அளவுக்கு மிஞ்சி உண்டு, செரிக்க மாட்டாமல் தவிக்கும் என்ஜினே கரும்புகை கக்கும். கூரையில் பெட்ரோல் ஒட்டிக்கொண்டபோது, மிதவை தலைகீழ் நிலையில் தரையை நோக்கித் தள்ளப்பட்டது. தொட்டி காலி என்று எண்ணியது போல அது வழியை முழுவதும் திறந்துவிட்டது. பம்போ, என்ஜின் தன் முழுத் திறனில் கேட்கும் அளவைவிட மிக அதிகமாகவே பெட்ரோல் தள்ளவல்லது. தடுப்பார் இன்றிப் பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்தது. என்ஜின் மூச்சுத் திணறி நின்றது. இது இரண்டாவது இருமல். உயிரைக் குடிக்கக்கூடியதும் இதுவே.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே இருமல். உள்ளே பார்த்தால் ஒன்று குறைவினால் வந்தது. மற்றொன்று மிகுதியினால் வந்தது. முதலாவதற்கு உரிய மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் நோய் முற்றும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்துச் செயல்பட்டதே அம்மையாரின் அறிவுக் கூர்மை.

துளையின் அளவு

நோய் தெரிந்தது, மருந்து என்ன? ஜெர்மானிய என்ஜினைப் போல் முழு அமைப்பையும் மாற்றலாம். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். மேலும், சூப்பர்சார்ஜருக்கு முன்பே பெட்ரோலைக் காற்றில் கலப்பதால் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும். அதனால் என்ஜினுக்கு வலிமை கூடும் என்ற நன்மையும் பழைய அமைப்பில் இருந்தது. விமானங்களைப் பணியிலிருந்து விலக்கி நிறுத்தவோ வழியே இல்லை.

அம்மையார் மிக எளிய வழியைக் கண்டார். வெள்ளம் புகும் வாய்க்காலுக்கு மதகு போடுவதுபோல், பெட்ரோல் குழாயில் கார்புரேட்டருக்குச் சற்று முன்னே, நடுவில் துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டை வைத்தார். முதலில் அது தையல்காரரின் விரல் குப்பி போன்ற வடிவில் இருந்தது. பின்னர் வெறும் தட்டையான வாஷராக எளிமைப்படுத்தப்பட்டது. பம்பு எவ்வளவு முயன்று தள்ளினாலும், என்ஜின் முழுத் திறனில் உண்ணும் அளவுக்கு மேல் பெட்ரோல் அத்துளை வழியே போக முடியாது. ஆகவே வெள்ளம் இல்லை, திணறலும் இல்லை.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், இதில் அம்மையாரின் திறமை முழுவதும் துளையின் அளவிலே அடங்கியிருந்தது. துளை சற்றுப் பெரிதானால் வெள்ளம் நிற்காது. சற்றுச் சிறிதானால், முழு வேகத்தில் ஏறும் விமானத்துக்குப் பெட்ரோல் போதாமல், என்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். சூப்பர்சார்ஜர் தரும் காற்றின் அழுத்தம் கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் அல்லவா? அதனால் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்துக்கு ஒன்றும், 15 பவுண்டு அழுத்தத்துக்கு மற்றொன்றுமாக, இரு வகையாகத் தகடுகள் செய்யப்பட்டன. ஊகத்தால் துளையிடாமல், அளந்து துளையிட்டதே வெற்றியின் இரகசியம்.

1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அம்மையார் ஒரு சிறு குழுவினரோடு விமானத் தளம் தோறும் சென்று இத்தகடுகளைப் பொருத்த உதவினார். பந்தயத்தில் வென்ற தம் பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளிலேயே அவர் சில தளங்களுக்குச் சென்றதாகச் சொல்வர். விமானங்களைப் பணியிலிருந்து விலக்காமலேயே இதைப் பொருத்த முடிந்தது. 1941 மார்ச் மாதத்துக்குள் போர் விமானப் படை முழுவதும் இத்தகடு பொருத்தப்பட்டுவிட்டது. விமானிகள் அம்மையாரின் பெயரையே அத்தகடுக்குச் சூட்டி அழைத்தார்கள்.

உண்மையை உள்ளவாறு கூறுவதே அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை. 1940-இல் நிகழ்ந்த வானப் போர் இத்தகடு வருமுன்பே முடிந்துவிட்டது. முதல் இருமலையும் இத்தகடு முற்றிலும் நீக்கிவிடவில்லை. விமானம் நெடுநேரம் தலைகீழாகப் பறக்கவும் இது போதாது. அதற்கு, அழுத்தத்தோடு பெட்ரோலைச் செலுத்தும் புதிய கார்புரேட்டர்கள் 1943-ஆம் ஆண்டளவில் வரவேண்டியிருந்தது. ஆனால் அதுவரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், கொல்லக்கூடிய அந்த இரண்டாவது இருமலிலிருந்து விமானிகளைக் காத்தது இச்சிறு தகடே. அம்மையாரின் கணவரும் பின்னர் குண்டுவீச்சு விமானியாகப் போரில் பறந்தார். விமானிகளின் வீட்டார் படும் கவலை என்ன என்பதை அம்மையார் நேரிலேயே அறிந்திருந்தார்.

பிற்காலப் பணிகள்

போருக்குப் பின் அரசு அவருக்கு ஓ.பி.இ. என்னும் விருது அளித்துப் பாராட்டியது. பார்ன்பரோ நிலையத்திலேயே அவர் தொடர்ந்து உழைத்தார். ஏவுகணை பற்றிய ஆராய்ச்சிகளிலும், மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானங்கள் வழுக்காமல் நிற்பது எப்படி என்ற ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். ஓய்வு நேரத்தில் கணவரும் மனைவியுமாகக் கார்களைத் தம் கையாலேயே சீர்செய்து பந்தயங்களில் ஓட்டினார்கள். 1967-இல் அமெரிக்க ஓட்டுநர் டான் கர்னியின் ஈகிள் பந்தயக் கார் மிகுதியாகச் சூடேறியபோது, காரணம் காண அம்மையாரின் உதவி நாடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 58.

1969-இல் அவர் ஓய்வு பெற்றார். சர்ரே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1990-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், தமது 81-ஆம் வயதில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். இலண்டனுக்கு அருகிலுள்ள ராயல் ஹாலோவே கல்லூரியில், மின்னணுப் பொறியியல் துறையின் கட்டிடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய காருக்கும் அதே பாடம்

அம்மையார் கண்ட உண்மை பழைய விமானத்தோடு முடிந்துவிடவில்லை. இன்று நம் ஊர்ச் சாலைகளில் டர்போசார்ஜர் பொருத்திய கார்கள் பல ஓடுகின்றன. அவற்றிலும் காற்றும் பெட்ரோலும் கைகோத்தே செல்லவேண்டும். உள்ளிழுக்கும் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் வகைக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்ரோல் அழுத்தம் 3 பார் என்று வைப்போம். டர்போ 0.8 பார் அழுத்தத்துடன் காற்றைத் தள்ளும்போது, பெட்ரோல் அழுத்தமும் 3.8 பார் ஆக உயரவேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கும் காற்றை வென்று, முன்போலவே பெட்ரோல் தெளிக்கப்படும். இதைக் கவனிக்க ரெகுலேட்டர் என்னும் கருவியும், அதற்குக் காற்றழுத்தத்தைத் தெரிவிக்கும் ஒரு சிறு ரப்பர் குழாயும் உண்டு.

மேட்டில் ஏறும்போது கார் திணறுகிறது என்றால், உடனே பம்பை மாற்றிவிடுவது சரியன்று. பில்டர் அடைத்திருக்கலாம், பம்பு தளர்ந்திருக்கலாம், பம்புக்குச் செல்லும் மின்சாரம் குறைந்திருக்கலாம், அந்தச் சிறு ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். இவை யாவும் குறைவினால் வரும் நோய்கள். ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், ரப்பர் குழாய் வழியாகவே பெட்ரோல் என்ஜினுக்குள் கசியும். திரும்பிச் செல்லும் குழாய் அடைத்தால் அழுத்தம் ஏறிவிடும். இவை மிகுதியினால் வரும் நோய்கள். இவற்றுக்குக் கரும்புகையே சாட்சி. கைதேர்ந்த மெக்கானிக் அழுத்தமானியைப் பொருத்தி, கார் நிற்கும்போது மட்டும் அல்லாமல், சுமை இழுக்கும்போதும் பார்ப்பார். சும்மா நிற்கும்போது நலமாகத் தோன்றும் என்ஜின், உழைக்கும்போதுதான் தன் நோயைக் காட்டும். மெர்லினும் தரையில் நிற்கையில் இருமவில்லையே! பெட்ரோல் தீப்பற்றக் கூடியதாதலால், இச்சோதனை பயிற்சி பெற்றவர் கையால் நடக்கவேண்டியது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

முடிவுரை

ஷில்லிங் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டியவை பல. ஒரே துன்பத்துக்கு இரு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பது ஒன்று. அளக்காமல் முடிவு கூறலாகாது என்பது மற்றொன்று. நம் இல்லங்களிலும் வகுப்பிலும் ஒருவர் சோர்ந்து நின்றால், உழைப்புப் போதாது என்று உடனே கடிந்துகொள்கிறோம். சுமை மிஞ்சியதாலும் ஒருவர் சோர்ந்து நிற்கலாம் என்பதை எண்ணுவதில்லை. அவர்களுக்கும் நாம் விளக்கேற்றிக் காரணம் தேடவேண்டும்.

பத்தாம் வகுப்பை முடிக்கும் நாம் விரைவில் நமக்குரிய பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க இருக்கிறோம். இது பெண்களுக்கு ஏற்றதா என்று நம்மில் சிலர் தயங்குகிறோம். நம் பெற்றோரில் சிலரும் தயங்குகிறார்கள். இறைச்சிக் கடைக்காரரின் மகள் ஒருத்தி, தன் கைச்செலவுக் காசில் கருவி வாங்கிய அந்நாளை நினைத்துப் பார்ப்போம். திருப்புளி பிடிப்பதற்கு அன்பும் பொறுமையும் உள்ள கை இருந்தால் போதும். அது யாருடைய கை என்று எந்த என்ஜினும் கேட்பதில்லை. இறைவன் நமக்கு அளித்த அறிவு என்னும் விளக்கை ஏற்றி, கிடைக்கும்வரை தேடும் உறுதியை அவரிடமே வேண்டுவோமாக.